ஆத்மா சாப்பிடாத கோழிக்கறி

அம்மன் கோயில் பால்குடத்துக்கு என்னையும் விரதம் இருக்கக் கூப்பிட்டவளே மாலாதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி. தன் கணவரின் கால் குணமாக வேண்டும் என்ற வேண்டுதலும் அவளுடையதுதான்.

"தனியா இருந்தா விட்டுருவேன், நீயும் கூட இருடி" என்றாள். இருந்தேன்.

இன்று வேலை முடிந்து ரிங்லெட் டவுனுக்குப் போனேன். சாப்பாட்டுக் கடையில் மாலா. தட்டில் கோழிக்கறி.

"என்னடி இது?"

அவள் அசரவே இல்லை. "உடம்பு வேற, ஆத்மா வேற லா. சாப்பிடுறது உடம்புதான். ஆத்மா இன்னும் விரதத்துலதான் இருக்கு."

நேற்று என் மகன் பிறந்தநாள். அவன் ஊட்ட வந்த கேக்கை, முட்டை போட்டது என்று தள்ளிவிட்டேன். பிள்ளை முகம் சுருங்கிப்போனது.

இப்போது அவள் கணவரின் கால் என் ஒருத்தி வயிற்றை நம்பி இருக்கிறது. நாளைக்கும் நான் ரசம் சோறுதானா? நீங்களே சொல்லுங்கள்.