பொட்டு வைத்த கம்ப்யூட்டர்கள்

புனேயில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் ஒரு நெட்டையான மதுரைக்காரர். சட்டைப்பையில் எப்போதும் குங்குமச் சிமிழ் இருக்கும். ஆன்டிவைரஸ் போட்டு முடித்த கம்ப்யூட்டருக்கு மட்டும் அடையாளமாக ஒரு பொட்டு வைப்பார். நான் அதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

தசரா பூஜையன்று, பொட்டில்லாத கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நானே பொட்டு வைத்துவிட்டேன். மறுநாள் காலை, ஈமெயிலில் ஒரு வைரஸ் பரவுவதாகத் தகவல் வந்ததும் அவர் ஓடிவந்தார்.

"அரே! எல்லாத்துலயும் பொட்டு இருக்கே! எதுல ஆன்டிவைரஸ் போடலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்தப் பொட்டு பக்தியில்லை, அடையாளம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டென்று நினைவு வந்தது: இந்த ஊர் வழக்கப்படி நான் மஞ்சளும் சேர்த்து வைத்திருந்தேன்!

"சார், மஞ்சள் இருக்கறதெல்லாம் நான் வச்சது!"

"சபாஷ்! வாம்மா, ஓடு!"

மேஜை மேஜையாக ஓடினோம். மஞ்சள் தெரிந்த இடத்திலெல்லாம் நான் நெட்வொர்க் வயரைப் பிடுங்க, அவர் ஆன்டிவைரஸ் சிடியோடு பின்னாலேயே வந்தார். மதியத்துக்குள் ஜெயித்துவிட்டோம்!

கடைசியில் பார்த்தால், அவருடைய கம்ப்யூட்டரிலும் மஞ்சள்.

"சார், உங்களுதுல போடலையா?"

"எல்லாருக்கும் முடியட்டும்னு இருந்தேன்மா."

வயரைப் பிடுங்கக் குனிந்தேன். ஆன்டிவைரஸ் போடாத கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாதென்று அவரே அதை எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தார்; தூசி படிந்து கிடந்தது. அத்தனை நாளும் அவர் ஈமெயிலை எங்கே பார்த்தார் என்று நான் கேட்கவேயில்லை.