பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்

பாப்பாவுக்கு எதன்மேல் ஆசை என்று அத்தை என்னைக் கேட்டபோது, புரோட்டா என்று சொன்னேன்.

பாப்பா பிறந்ததிலிருந்து ஒரு வாய் சோறு மென்றதில்லை. மூக்கில் சொருகிய குழாய் வழியாக அம்மா ஊற்றும் பாலும் கஞ்சித் தண்ணீரும்தான் அவளுக்குச் சாப்பாடு. அவளுக்குப் புரோட்டாமேல் ஆசை என்றால் மூணாங்கிளாஸ் பையன்கூடச் சிரிப்பான். அத்தை சிரிக்கவில்லை. திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா மறுபேச்சு பேசாமல் மொபெட்டை உதைத்துக்கொண்டு சங்ககிரிக்குக் கிளம்பினார்.

அப்போது எனக்கு ஒன்பது வயதோ பத்தோ. நான் படித்த படிப்புக்கு அதற்குமேல் துல்லியமாகக் கணக்குப் போட வராது. பாப்பா என்னைவிடச் சின்னவள். பிறக்கிற நேரத்தில் மூச்சுத் தட்டுப்பட்டு மூளைக்கு அடிபட்டுவிட்டது என்று சொல்வார்கள். கழுத்து நிற்காது, பேச்சு கிடையாது, அவள் கண் நம்மைப் பார்க்கிறதா சுவரைப் பார்க்கிறதா என்றே தெரியாது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த நேரத்தில் அம்மா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே அடுப்பில் பால் பொங்குகிறதா என்றும் பார்ப்பாள். அப்பா லாரி டிரைவர். மகாராஷ்டிரா பக்கம் லோடு போய்த் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும்.

அந்தத் தடவை பாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டிலை ஏற்றி இறக்க அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான் டாக்டர் வந்து அம்மாவிடம் பேசினார். இனிமேல் பாப்பாவுக்கு மிஷின்தான் மூச்சு விடவேண்டும். போட்டால் கழற்றவே முடியாமல் போகலாம். கழற்ற முடிந்தாலும் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருப்பாள். போடலாமா வேண்டாமா என்று வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள் என்றார்.

அம்மா யாரோடும் கலக்கவில்லை. “வேண்டாங்க. ஊட்டுக்குக் கொண்டுபோறனுங்க” என்றாள்.

நான் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். ஊருக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் போனில் அப்பா கத்தினார். ஸ்பீக்கரே போடவேண்டியதில்லை, தெருவுக்கே கேட்டது. “இன்னும் ஓசூர்கூடத் தாண்டல. நான் வாரதுக்குள்ள நீயா ஒரு முடிவு எடுத்துப்போடுவியா? ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் ஊட்டுக்கே வந்துரும். மிஷின்ல போட்டே தீரோணும்.” அம்மா போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டாள். போன் அங்கிருந்தே கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில்தான் அத்தையும் பெரியப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அத்தை, அப்பாவுக்கு அக்கா. பெரியப்பா, அண்ணன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகவேண்டிய உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஏதோ ஒரு ஆசை அதைப் பிடித்துவைத்திருக்கிறது என்பார்கள். காட்டுமேல், அதாவது தன் விளைநிலத்தின்மேல், ஆசை உள்ளவர் என்றால் அந்தக் காட்டு மண்ணைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் விடுவார்கள். நகைமேல் ஆசை என்றால் தங்கத்தை உரசி விடுவார்கள். ஆசை தீர்ந்ததும் உயிர் நிம்மதியாகக் கிளம்பிவிடும் என்று நம்பிக்கை.

பாப்பாவின் மூச்சு கர்ர் கர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அத்தை அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “எந்தச் சென்மத்துப் பாவமோ, இந்த எளங்குருத்து இப்பிடிக் கெடந்து சீரழியுது. காடா, தோட்டமா, இதுக்கு எதும்மேல ஆசைன்னு நாம எப்பிடிக் கண்டுபிடிக்கறது?” என்றவள், கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சாமி, நீதான அவகூடவே கெடப்பே. அவுளுக்கு என்னடா கண்ணு புடிக்கும்?”

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பாப்பாவுக்குப் பிடித்தது அப்பாவின் லாரி ஹாரன். லோடு முடிந்து வரும்போது தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியிடம் அப்பா ஏர் ஹாரனை நீளமாக ஒரு இழுப்பு இழுப்பார். மற்றக் குழந்தைகள் அந்தச் சத்தத்தில் வீறிட்டு அழும். பாப்பாவின் வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மேலே ஏறும். அது சிரிப்பு. வலிப்பில் இழுக்கும் கோணல் வேறு, இந்தக் கோணல் வேறு. பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்குக்கும் விடை தெரியாத எனக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி.

ஆனால் அத்தை சொன்ன கணக்குப்படி, ஹாரன் சத்தம் கேட்டால் பாப்பா செத்துவிடுவாள். அதனால்தான் புரோட்டா என்றேன்.

புரோட்டா வந்தது. அத்தை சால்னாவை விரலில் தொட்டு நாக்கில் வைக்கப் போனாள். அம்மா கையைத் தடுத்து, “பொரை ஏறிப்போயிருமுங்க. ஒதட்டுல தடவுங்க, போதும்” என்றாள். தடவினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாப்பாவின் மூச்சைப் பார்த்தார்கள். கர்ர் கர்ர். பாப்பாவின் ஆசையில் மீதி இருந்ததை நான் சால்னா ஊற்றித் தின்றேன்.

“வேற ஏதாச்சும் இருக்குமாட்ட இருக்குதே, நெனச்சுச் சொல்லு சாமி” என்றாள் அத்தை.

“யானைங்கத்தை. யானைன்னா அவுளுக்கு உசுரு.”

பெரியப்பா தலையில் கைவைத்தார். “டேய், யானைக்கு நான் எங்கடா போவேன்? மொபெட்டுல பின்னால உக்காருமாடா அது?” என்றாலும் போனார். எங்கேயோ கடையில் தொங்கிய யானைப் படக் காலண்டரைக் கேட்டு வாங்கிவந்து பாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தபோது கை மாற்றிப் பிடித்தார். யானையும் பாப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. எனக்குச் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. உலகத்தில் யாருக்குமே ஆசை வராத ஒன்றைச் சொல்வோம், அதில் ஆபத்தே இல்லை என்று யோசித்து, “பள்ளிக்கூடம் போகோணும்னு ஆசை” என்றேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த என் யூனிபார்ம் சட்டையை உருவிவந்து பாப்பாவின்மேல் போர்த்தி, என் பையையும் அவள் தலைமாட்டில் வைத்தாள். வைத்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து பெருங்குரல் எடுத்து அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா வெளியே போய் மொபெட்டைத் துடைக்கத் தொடங்கினார். சட்டையில் மூன்று நாள் அழுக்கு இருந்தது, அதற்காகவா இந்த அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா அழவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை. குழாயில் பால் ஊற்றிக்கொண்டே, “அவன் சொல்றது நெசமாத்தான் இருக்கும்” என்று அத்தையிடம் சொன்னாள். அம்மாவையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் பெருமை போய்ப் பயம் வந்தது. பாப்பாவின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து போனது. அப்பா வருகிற நேரம். ஆசையை மறைக்கலாம், ஆனால் தெருமுனையில் அடிக்கப்போகிற ஹாரனை எப்படி மறைப்பது? ஒருவரிடமும் சொல்லாமல் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன்.

லாரியின் மூஞ்சி தெரிந்ததும் ரோட்டுக்கு நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பிரேக் அலறியது. அப்பா கதவைத் திறந்து குதித்தார்.

“சாகறதுக்குன்னே நிக்கறியாடா?”

“ஹாரன் அடிக்காதீங்கப்பா. அடிச்சா பாப்பா செத்துப்போயிரும்.”

அப்பா ஓங்கிய கையை இறக்கினார். அத்தை சொன்னது, புரோட்டா, யானை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். முழுசாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. லாரியை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா பாப்பாவை மடியில் போட்டிருந்தாள். அப்பா பாப்பாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “கெளம்பு. துணிமணி எடுத்து வெய்யி. வண்டி வந்துக்கிட்டு இருக்குது” என்றார்.

“நான் வர்ல.”

“பெத்த புள்ளைய சாகக் குடுக்கறதுக்கு உனக்கு எப்பிடிடி மனசு வந்துது? நான் ராத்திரி பகலா வண்டி ஓட்டறது யாருக்கு?”

“தொண்டையில கொழாய உட்டு அவுங்க சளி உறிஞ்சறப்ப இவ கையப் புடிச்சுக்கிட்டு நின்னது நானுங்க” என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. “கத்தறதுக்குக்கூட இவளுக்குச் சத்தம் வர்ல. கண்ணுல மட்டும் தண்ணி ஊத்துச்சு. அதையே இனி தெனமும் பண்ணுவாங்க. நீங்க லோடுக்குப் போயிருவீங்க. நான் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கோணும்.”

“அதுக்குன்னு? உசுரோட இருக்கற புள்ளைய உட்டுப்போட்டு...”

“யாருங்க உட்டா? மடியில வெச்சுக்கறேன்னுதான சொல்றேன்.”

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவர் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள். வீட்டில் பாப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. நின்று நின்று வந்தது அது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் என் மூச்சையும் நிறுத்திவைத்திருந்தேன்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்து, “ஏனுங்க, ஹாரன் அடிக்காம வந்துட்டீங்க?” என்றாள். “போயி அடிச்சுட்டு வாங்க. காத்தாலேருந்து அதத்தான் எதிர்பாத்துக்கிட்டுக் கெடக்கறா.”

அத்தை வாயைப் பிளந்தாள். “ஏம்புள்ள, உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா அந்த யானையப் புடிக்க உட்டுப் பாத்துக்கிட்டு இருந்தே?”

அம்மா பாப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். விடவில்லை. கடித்தும் பார்த்தேன், லாரிக்காரர் கால் அது, பல்தான் வலித்தது. என்னைக் காலோடு இழுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தவர், பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கேபினில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். சாவியைத் திருப்பினார். ஆனால் வண்டியை நகர்த்தவில்லை. ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. என் பேச்சு எடுபட்டுவிட்டது, இனி அடிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எங்கள் தெரு அகலத்துக்கு லாரி நின்றால் சைக்கிள்கூடப் போகாது. டிரைவர் எட்டிப் பார்த்து, “அண்ணா, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. பேஷண்ட் ஊடு உள்ளாற இருக்குது” என்றார்.

அப்பா கண்ணாடியில் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்தார். ஓரங்கட்ட இடம் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வெறும் மண் தரைதான். கியரைப் போட்டவர் ஓரங்கட்டவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு ஓட்டினார். நான் ஹாரன் சுவிட்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அப்பா என் கையை விலக்கவில்லை. அதன்மேல் தன் கையை வைத்து அப்படியே அமுக்கினார்.

அவ்வளவு நீளமாக அதற்கு முன்னும் பின்னும் அவர் அடித்ததில்லை. மரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன.

கண்ணை இறுக்கி மூடியிருந்த நான், சத்தம் நின்றதும் குதித்து உள்ளே ஓடினேன். பாப்பாவின் வாய் ஒரு பக்கமாக மேலே ஏறியிருந்தது. நெஞ்சும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாப்பா சாகவில்லை. அன்றைக்குச் சாகவில்லை, அந்த வாரமும் சாகவில்லை. அப்பா லோடுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த ஒரு மாதத்தில், ஒரு காலை நேரம், அம்மாவின் மடியில்தான் அது நடந்தது. ஆனால் அந்தச் சாயங்காலம் நான் ஜெயித்துவிட்டேன். “உங்க கணக்கு தப்புங்கத்தை!” என்று அத்தையைப் பார்த்துக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

லாரிக்குப் பின்னாலேயே வந்து நின்ற ஆம்புலன்ஸின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அப்பா டிரைவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் அந்தப் பக்க ஜன்னலில் தொற்றி ஏறி, “எங்க பாப்பாவுக்கு நல்லாயிருச்சுங்கண்ணா. அதான் எங்கப்பா வேண்டாம்ங்கறாரு” என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என் கன்னத்தைத் தட்டினார். போகும்போது ஒரே ஒரு தடவை சைரன் போடச் சொல்லிக் கெஞ்சினேன். போடவில்லை. திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே, சத்தமில்லாமல், முனைவரைக்கும் போனது.

அப்பா ரோட்டில் நின்றுகொண்டே இருந்தார். பாப்பா சிரித்ததைச் சொல்லி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன், அசையவில்லை. வீட்டுக்குள் எல்லாம் சரியாகிவிட்டிருக்கும்போது, காலியாகத் திரும்பிப் போகிற ஒரு வண்டியை ஒரு மனுஷன் இத்தனை நேரம் பார்ப்பானா என்று எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.