ஜன்னலுக்குக் கீழே ஓடிய மாப்பிள்ளை

மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு கை தெரியும். மாவாட்டுவதுபோல் அது காற்றில் ஒரு வட்டம் போடும். இன்னொரு சுற்று என்று அர்த்தம். கீழே கார் நிறுத்துமிடத்தில் மூச்சிரைக்க நிற்கும் நான் மறுபடி ஓடத் தொடங்குவேன். அந்தக் கை என் மாமியாருடையது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இதய வால்வு பழுதாகி அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவரைத் தைரியமாக வைத்திருக்கும் பொறுப்பு, எப்படியோ என் கால்களின் தலையில் விழுந்திருந்தது.

பகாவ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளை எடைபோடுவது என் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் லோரியைவிட என் எடைதான் வேகமாக ஏறியது. அதனால் ஓட ஆரம்பித்தேன். கொஞ்சம் தைரியம் வந்ததும் சிரம்பானில் நடக்கவிருந்த அரை மாரத்தானுக்குப் பெயரும் கொடுத்தேன். ஆயுசு பூராவும் விடியலில் எழுந்து பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய அத்தைக்கு இது விளங்கவே இல்லை. "யாரு துரத்துறா மாப்பிள்ளை?" என்றார். யாருமில்லை என்றதும், வீட்டு மானத்தைக் காப்பாற்ற அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை வேண்டுதலுக்காக ஓடுகிறார் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு வழியில் எலுமிச்சைச் சாறோடு நிற்பவர்கள், தங்கள் பிள்ளைகளின் பரீட்சைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் சரி என்று வாங்கிக் குடித்தேன்.

அப்படியிருந்த அத்தைக்கு ஒருநாள் துணி காயப்போடும்போது மூச்சு அடைத்தது. கால்கள் வீங்கின. வயது, சர்க்கரை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அறுவைச் சிகிச்சையில் ஆபத்து உண்டு என்று மருத்துவர் வராந்தாவில் வைத்து எங்களிடம் சொன்னார். என் மனைவி குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள். நான் ஓட்டக் காலணியைத் தூக்கி அலமாரிமேல் போட்டேன்.

அத்தையிடம் ஆளுக்கொரு சிரிப்போடு போய் நின்றோம். அவர் என்னைத்தான் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, இப்பல்லாம் ஓடுறதில்லையாமே?"

"வேலை அதிகம் அத்தை."

"பொய் சொல்லாதீங்க. டாக்டரு ஏதோ சொல்லிட்டாரு. நான் பொழைக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோய்த்தான் நிறுத்திட்டீங்க."

"நாளையிலேருந்து ஓடுறேன் அத்தை" என்றேன்.

"இங்கயே ஓடுங்க. நான் பாக்கணும்."

இப்படித்தான் வேலை முடிந்து வந்து மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் ஓடத் தொடங்கினேன். பாதுகாவலர் முதல் நாளே வழிமறித்து, "என்சிக், சியாப்பா கெஜார்?" என்றார். யார் துரத்துவது என்று அத்தை கேட்ட அதே கேள்வி, மலாயில். மேலே கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் எனக்காக இரண்டு கார்களை நிறுத்திவைத்தார். சில நாட்களில் ஜன்னலில் கைகள் பெருகின. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா கைதட்டினார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மிஸ்ஸிகூட எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்தைவிட இன்னிக்கு ஸ்லோ லா" என்றாளாம். அத்தைக்கு அன்று முழுக்க என்மேல் கோபம்.

அறுவைச் சிகிச்சை அன்று ஜன்னலில் கை இல்லை. வராந்தா நாற்காலியில் முடங்கிக் கிடந்தேன். மனைவிதான், "போய் ஓடுங்க. நீங்க இப்படி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். போனேன். எத்தனை சுற்று என்று தெரியாது. வெயில் கொளுத்தியது. காலி ஜன்னலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே ஓடினேன். முடியாமல் போனதும் தள்ளாடி உள்ளே வந்தேன். வாசலில் நின்ற மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்த வேகத்தில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கவில்லை என்று சொல்லக்கூட மூச்சில்லை. அந்த நேரம் மனைவி வராந்தாவில் ஓடிவந்தாள். முகமெல்லாம் கண்ணீர். எந்தக் கண்ணீர் என்று தெரியாத அந்தச் சில அடி தூரத்தைப்போல் நீளமான தூரத்தை நான் எந்தப் பந்தயத்திலும் கடந்ததில்லை.

"அம்மா நல்லா இருக்காங்க" என்றாள். பிறகுதான் நாற்காலியைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

இப்போது அத்தை கோயில்வரை தனியாக நடந்து போய்வருகிறார். ஆனால் தோட்டத்தில் அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் யாரும் அறுவைச் சிகிச்சையைச் சொல்வதில்லை, அதற்குப் பிறகு வந்த சிரம்பான் பந்தய நாளைத்தான் சொல்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் தடுப்புகளை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் ஓடி முடித்தேன். உடனே அத்தைக்குப் போன் செய்தேன். மனைவி மருந்து வாங்க பகாவ் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருந்த அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் கலங்க வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துட்டாரு" என்றிருக்கிறார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் சத்தம் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். நம் மாப்பிள்ளைமேல் இவர்களுக்கு இவ்வளவு பாசமா என்று அத்தை நெகிழ்ந்துபோய், அடுப்பில் தண்ணீர் வைத்தார். பாவம், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் அழுதார்கள்.

நான் காரை நிறுத்தியபோது வாசல் நிறையச் செருப்புகள். அத்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, கழுத்தில் பதக்கத்தோடு உள்ளே ஓடினேன். அழுகை சட்டென்று நின்றது. கோயில் தலைவர் யாரிடமோ போனில், "கூடாரம் இப்ப வேணாம்" என்றார்.

"அங்கேயே நிக்காதீங்க மாப்பிள்ளை" என்றார் அடுப்படியிலிருந்து அத்தை. "எல்லாரும் உங்களுக்காகத்தான் வந்திருக்காங்க. இந்தக் கோப்பிய எடுத்துக் குடுங்க."

என் சாவுக்கு வந்த அத்தனை பேரும் அன்று என் கையால் கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.