பரீட்சை நாளில் குறித்த முகூர்த்தம்

என் மகள் கவிதா கோலாலம்பூரில் கணக்கியல் படித்தாள். கணக்கியல் பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்று அவள் சொன்னதுமே, கிள்ளானில் மண்டபம் பிடித்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டேன். தேதியைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

“அன்னைக்கு எனக்கு எக்ஸாம் இருக்கும்மா.”

“அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே?”

“ஜெனரல் பேப்பர் ஒண்ணு இருக்கு. கடைசி வருஷத்துல எல்லாரும் எடுக்கணும். அது பாஸ் பண்ணலன்னா டிகிரி கிடையாது லா.”

பொதுப் பாடம்தானே, அடுத்த தடவை எழுதிக்கொள்ளட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. சம்பந்தமே முறிந்துவிடுமோ என்ற பயத்தோடு, ரவாங்கில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: “என் மகனும் அந்த மாதிரி ஒரு பேப்பரை விட்டுட்டு, டிகிரி கையில இல்லாம ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்தான். நாளை மாத்திருங்க சம்பந்தி.”

கவிதா தேர்வு எழுதிய பிறகுதான் நிச்சயம் நடந்தது.

இப்போது இளையவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், பஞ்சாங்கத்தைத் தொடுமுன் அவளுடைய தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்குகிறேன்.