கடைசியாகப் பேசுகிறவள்

வகுப்புக்கு யாரும் வருவதற்கு முன்பே போய் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது, எல்லாரும் சமம் என்பது அவர்கள் பாடத்தின் ஆரம்ப விதி. தன் நாற்காலியை மட்டும் கதவோரமாகக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டுக்கொள்வாள். அதனால் அந்த வட்டம், பல்வலி வந்த கன்னம் மாதிரி எப்போதும் ஒரு பக்கம் வீங்கியே இருக்கும்.

அவள் என் அறைத்தோழி. பட்டப்படிப்பு புள்ளியியலில், துணைப்பாடம் தலைமைத்துவம். அப்படி ஒரு பாடம் இருப்பதே எங்கள் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. திங்கட்கிழமை உளவியல் துறை ஆசிரியை வந்து, மனிதர்கள் ஏன் ஒருவர் பின்னால் போகிறார்கள் என்று சொல்வார். புதன்கிழமை வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர் வந்து, அப்படிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்வார். வெள்ளிக்கிழமை வணிகவியல், நடுவில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் தத்துவம். எல்லாத் துறைக்கும் அதில் பங்கு உண்டு, எந்தத் துறைக்கும் அது சொந்தப் பிள்ளை இல்லை.

பொருத்தமான ஆளாகப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். பேருந்தில் தன் நிறுத்தம் வந்தால் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க மாட்டாள். வேறு யாராவது இறங்கும் இடம் வரைக்கும் போய், இறங்கி, நடந்தே திரும்பி வருவாள். வகுப்பில் அவளுக்கு "தலைவரே" என்றுதான் பெயர். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கிறாள், அதுதான் கொடுமை.

"எதுக்குடி இந்தப் பாடத்தை எடுத்த?" என்று ஒருமுறை கேட்டேன்.

கம்மலைத் திருகிக்கொண்டே பதில் சொன்னாள். "வீட்டுல நான்தான் கடைக்குட்டி. பேச வாயெடுத்தாலே யாராவது 'நீ சும்மா இரு'ன்னுடுவாங்க. அப்படிச் சொல்ல முடியாத மாதிரி பேசக் கத்துக்கலாம்னு நினைச்சேன்."

கற்றுக்கொண்டது வேறு. தலைமை ஏற்பவர் கடைசியாகத்தான் பேச வேண்டும் என்பது அங்கே பயிற்சி முறை. முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். நியாயமான விதிதான். ஆனால் அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் தலைமை படிப்பவர்கள். குழு வேலை என்று உட்கார்ந்தால் ஆளாளுக்குக் கடைசியாகப் பேசக் காத்திருப்பார்கள். நான் ஒருநாள் அறைச் சாவி வாங்கப் போனபோது பார்த்தேன். எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி மட்டும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு அது மதிப்பெண் வாங்குகிற வித்தை. இவளுக்கோ, தன் கூச்சத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது போலாகிவிட்டது. அறையில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டால்கூட, "எல்லாரும் சொல்லி முடிங்க, நான் அப்புறம் சொல்றேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அதற்குள் நாங்களே சமாதானமாகி டீ குடித்து முடித்திருப்போம்.

போன மாதம் அவள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் தையல்காரர். சர்க்கரை நோய் வேறு. மெஷினை மிதிக்கிற வலது காலில் வந்த புண் ஆறவே இல்லை. துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டர் குடும்பத்தை நடைவழிக்கு அழைத்து வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். எடுத்தாலும் பிழைக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று ஒரு கணக்கும் சொன்னார். அந்தக் கணக்கின் அர்த்தம் அங்கே முழுதாகப் புரிந்தது இவள் ஒருத்திக்குத்தான்.

"அவங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க," என்றார் டாக்டர். "அவங்க சம்மதிக்காம நான் கத்தியை எடுக்க மாட்டேன். காலையில வந்து கேக்கறேன்."

அவர் போனதும் பேச்சு தொடங்கியது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னால ஆகாது. அவ மூஞ்சியப் பாத்தாலே அழுதுடுவேன்" என்றார். அண்ணன், "நான் சொன்னா தப்பாத்தான் எடுத்துப்பாங்க. ஏற்கெனவே என்மேல கோவம்" என்றான். அக்கா நிறைமாத வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இந்த நிலைமையில என்னை அனுப்பாதீங்க" என்றாள். இவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவர் பக்கமும் திரும்பி, தலையை அசைத்து, பாடத்தில் சொன்னபடி முழுக்கக் கேட்டாள். எனக்கு அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

எல்லாரும் சொல்லி முடித்தபோது மிச்சம் இருந்தவள் அவள்தான்.

"நீதானே தலைமைக்குப் படிக்கிற," என்றான் அண்ணன். கேலியாகச் சொல்லவில்லை, கெஞ்சினான். "நீயே சொல்லிடும்மா. உனக்குத்தான் பேச வரும்."

அந்த வீட்டில் முதல்முறையாக அவளை யாரும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. கடைக்குட்டி தலையில் பாறாங்கல்லை ஏற்றி வைத்துவிட்டு மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரைக்கும் அடங்கவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த பெண்ணின் சட்டையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். "தோள் எப்படி இறங்கிக் கிடக்கு பாரு. எவன் தைச்சானோ," என்றார் மெதுவாக. பிறகு, "எங்கடி எல்லாரும்?"

"வெளிய இருக்காங்கம்மா."

"சாப்டாங்களா?"

"ம்."

அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலுக்கு அடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தாள். "அம்மா, டாக்டர்..." என்று தொடங்கி நிறுத்தினாள். மறுபடியும் தலையணையைச் சரிசெய்தாள். "டாக்டர் என்ன சொன்னார்னா..." மறுபடியும் தலையணை. சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை.

அம்மா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்து, கட்டுப் போட்ட காலைத் தானே மூடினார். இடது காலை மெல்ல நீட்டி மகளின் மடியில் வைத்தார்.

"நகம் வளந்து கிடக்கு, வெட்டி விடு," என்றார். "இனிமே மெஷின் மிதிக்கப்போறது இதுதானே."

அவள் நகவெட்டியைத் தேடி எழுந்திருக்கவில்லை. அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.