பிள்ளை வண்டியின் கைப்பிடி

மகள் பிறப்பதற்கு ஐந்து வாரத்துக்கு முன்பே அவளுடைய வண்டி வந்துவிட்டது. மனைவியின் அண்ணன் கனடாவிலிருந்து கப்பலில் அனுப்பியிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எங்கள் வாடகை ஃப்ளாட். இரண்டு பேர் பெட்டியைக் கொண்டுவந்து கதவடியில் வைத்தார்கள். பிரசவத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி, மனைவியின் அம்மா, வாசலை மறித்து நின்றார்.

"உள்ளுக்கு எடுக்க வேண்டாம் தம்பி. பிள்ளை பிறக்க முன்னம் பிள்ளைச் சாமான் வீட்டுக்குள்ள வரப்படாது."

"வெளியில கிடந்தா ஆராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க, மாமி."

"தூக்கிக்கொண்டு போகட்டும். பிள்ளையை விடவா வண்டி பெரிசு?"

எதிர் ஃப்ளாட்டில் இருந்தவர்கள் பெட்டியைத் தங்கள் பல்கனியில் வைத்துக்கொண்டார்கள். வழிகாட்டிப் புத்தகம் மட்டும் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்தது. அதை நான் பிரித்து எடுத்து வந்தேன். புத்தகம் சாமான் கணக்கில் வராது என்று மாமியும் விட்டுவிட்டார்.

ஐந்து கிழமையும் அதை வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சடித்த எதையும் முழுதாக வாசிக்காமல் கீழே வைக்க வராது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த, தோட்டம் என்று பெயர் கொண்ட நெரிசல் குடியிருப்பின் வரிசை வீடுகளில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். தண்ணீர் இணைப்பு, அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கடிதம். அவர்கள் சொல்வார்கள், நான் நிரப்புவேன். பத்து வயதிலிருந்து மற்றவர்களின் பதில்களை எழுதி வளர்ந்தவன் நான். பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த நாட்களில் பிள்ளையைக் கட்டும் ஐந்து பட்டிகளும் எனக்கு மனப்பாடம். முதல் ஆறு மாதம் முதுகுப் பக்கத்தை முழுதாகச் சாய்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

பிறந்த அன்று நர்ஸ் வெளியே வந்து "பெண் பிள்ளை" என்றார். "சரி" என்றேன். அவர் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோல நின்றார். பிறகு துணியில் சுற்றியதை என் பக்கம் நீட்டினார். "கையில பை இருக்கு" என்றேன். பையில் ஒரு ஃப்ளாஸ்க்கும் மனைவியின் செருப்பும் இருந்தன. கீழே வைத்திருக்கலாம்.

மகிழ்ச்சி பிறகு வரும் என்று நினைத்தேன். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கைகுலுக்கினார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நல்லா இருக்கு என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னை நானே தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. துக்கமும் இல்லை. யாரோ ஒருவருடைய வீட்டில் விருந்தாளியாக இருப்பதுபோல இருந்தது. இது மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம் ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

அதனால் வேலையில் குறை வைக்கவில்லை. துணி தோய்த்தேன், வெந்நீர் வைத்தேன், மருந்துக்கடைக்கு ஓடினேன். பிள்ளையைத் தூக்குவதை மட்டும் எப்படியோ தள்ளிப்போட்டேன். கட்டிலிலிருந்து மாமியின் கைக்கு, மாமியின் கையிலிருந்து கட்டிலுக்கு என்று இரண்டொரு தரம் மாற்றியிருப்பேன். தூக்கி வைத்துக்கொண்டிருந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த தீட்டான துடக்குக் கழிந்தது. அடுத்த நாள் வண்டி வீட்டுக்குள் வந்தது. அரை மணியில் பாகங்களைப் பொருத்திப் பூட்டி முடித்தேன்.

"என்ஜினியர் மாதிரி" என்று மாமி மெச்சினார்.

வண்டி எனக்கு வசதியாகப் போயிற்று. பிள்ளை அதில் கிடப்பாள், நான் கைப்பிடியைப் பிடித்திருப்பேன். பார்ப்பவர்களுக்கு அது தகப்பன் பிள்ளையோடு நிற்பதாகத் தெரியும்.

எங்கள் லிஃப்டில் வண்டியும் ஓராளும்தான் கொள்ளும். மனைவி வீட்டுக்குள்ளேயே பிள்ளையைக் கிடத்திப் பட்டி பூட்டுவாள். நான் வண்டியோடு லிஃப்டில் இறங்க, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் படியால் வருவாள். நீ லிஃப்டில் போ, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியால் வருகிறேன் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

காலி வீதி நடைபாதை அந்த வண்டிக்கானதல்ல. பத்தடிக்கு ஒரு மின்கம்பம், அதற்கடுத்து ஒரு கடையின் ஏணிப்படி, பிறகு நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள், பிறகு மூடியில்லாத சாக்கடைக் காண். இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் போக வேண்டும். ஓட்டோக்காரர் ஒருவர் வண்டியை மேலும் கீழும் பார்த்து, "மேக தாந்ந பே மாத்தயா" என்று கையை விரித்தார். இதை உள்ளே வைக்கவே முடியாதாம். மடக்கிக் காட்டினேன். "மல்லி, இதை வெளிநாட்டில் விமானத்தில்தான் ஏற்றுவார்களா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். ஐயா என்ற மாத்தயாவிலிருந்து தம்பி என்ற மல்லியாகிவிட்டேன். நடந்தே போனோம்.

முதற்பயணம் கோயிலுக்கு. செருப்புக் காவல்காரருக்கு வண்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. ரோட்டில் உருண்ட சில்லு உள்ளே வரக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டிக்கும் ஒரு டோக்கன் தந்தார். மனைவி பிள்ளையைத் தூக்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வண்டியப் பாத்துக்கொள்றன்" என்றேன்.

"வண்டியப் பாக்கத்தான் டோக்கன் தந்திருக்கினமே."

"இல்ல, புது வண்டி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வண்டியப் பாக்க ஊரெல்லாம் ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமியோடு உள்ளே போனாள். பூசை முடியும் மட்டும் செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். பிறகு மரைன் டிரைவ் கடற்கரை வீதியில் பிள்ளையை வண்டியில் கிடத்திக் கனடாவுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். படத்தில் நான் சிரிக்கிறேன்.

ஒரு ஞாயிறு கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பா வந்தார். முப்பது வருடம் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டைக் கைவண்டி தள்ளியவர். மத்தியானம் பிள்ளையோடு கடற்கரைப் பக்கம் நடக்கக் கிளம்பினோம். நான் கைப்பிடியைப் பிடித்ததும் அவர் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். அங்கிருந்தே எங்களுக்குச் சமமாக நடந்து வந்தார். கடைசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்ப்பா அந்தப் பக்கமா வர்றீங்க?"

"ஏன்டா, நாலு சுத்துக் கயிறு போட்டு நான் மூட்ட தள்ளுனேன். நீ புள்ளயக் கட்டித் தள்ளுற. ஒரு பச்சப்புள்ளய தூக்க முடியாமயா இத்தன படிப்பு படிச்சே?"

"வெளிநாட்டுல எல்லாரும் இப்படித்தான்."

"வெளிநாட்டுல தூக்க மாட்டாங்களா?"

மனைவி சிரித்தாள். அப்பா பிள்ளையைப் பட்டி கழற்றச் சொல்லித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் வெறும் வண்டியைத் தள்ளி வந்தேன்.

மாமி யாழ்ப்பாணம் திரும்பிய கிழமையில் மனைவிக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். பிள்ளைக்குத் தடுப்பூசி நாளும் அதுவே. அவளே எழுந்து பிள்ளையைக் கிடத்திப் பட்டி பூட்டி அனுப்பினாள். கிளினிக்கில் முழுக்கத் தாய்மார். நான் ஒருவன்தான் ஆண். மிட்வைஃப் மாளிகாவத்தைப் பக்கத்து முஸ்லிம் பெண்மணி, தாயை உம்மா என்பார்.

"தம்பி, புள்ளட உம்மா எங்க?"

"காய்ச்சல், மிஸ்."

"சரி, புள்ளய தூக்கித் தராசுல வைங்க."

"நீங்களே தூக்குங்க மிஸ். எனக்குப் பழக்கமில்ல."

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த தாய்மார் எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டு மாசம் வீட்டுல என்ன செஞ்சீங்க, வண்டி துடைச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் தூக்கினார். நிறை நல்லா ஏறியிருந்தது. ஊசி போட்டார்கள். பிள்ளை கத்தி ஓய்ந்தாள். திரும்ப வண்டியில் கிடத்திவிட்டு என்னிடம் ஒரு தாளைத் தந்தார்.

"இது உம்மாக்கு. வீட்டுல கொண்டு போய்க் கேட்டு நிரப்பி அடுத்த முறை கொண்டாங்க. இப்ப இருவது நிமிஷம் இருந்துட்டுப் போங்க, ஊசிக்குப் பொறகு பாக்கணும்."

வண்டியின் கூடாரத்தின் மேல் தாளை வைத்து வாசித்தேன். பிள்ளை பிறந்த பிறகு தாயின் மனம் எப்படி இருக்கிறது என்று அறிவதற்கான கேள்விகள். மேலே மனைவியின் பெயரை எழுதினேன். முதல் கேள்வி, போன கிழமை மனம் விட்டுச் சிரித்தீர்களா என்பது. அவள் சிரித்தாள். அப்பாவின் பேச்சுக்குச் சிரித்தாள், பிள்ளை கொட்டாவி விட்டதற்குச் சிரித்தாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யாரும் அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி அது. என் பதிலாக 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளமிட்டேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. காரணமில்லாமல் பயம் வருகிறதா? ஆம். உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா? ஆம். வீட்டிலிருந்து எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருக்கிறதா? சில வேளை. ஏழாவது கேள்விக்கு மட்டும் ஒன்றும் எழுதாமல் அடுத்ததற்குப் போனேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கிழித்துப்போடுவதாகத்தான் இருந்தேன். மிட்வைஃப் அந்தப் பக்கமாக வந்து தாளைப் பார்த்தார்.

"நிரப்பியாச்சா? ஃபோன்ல கேட்டீங்களா?"

"ஓம்" என்று தலையாட்டினேன்.

கையிலிருந்து வாங்கி ஃபைலுக்குள் செருகினார். நான் தாளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அலுவலகத்திலிருந்து வந்தபோது மிட்வைஃப் எங்கள் வீட்டில் இருந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை மனைவியின் மடியில்.

"மறைக்கத் தேவல்ல தங்கச்சி. நெறைய தாய்மாருக்கு வாறதுதான். டொக்டர்கிட்ட நானே கூட்டிப் போறன்."

"எனக்கு ஒண்டும் இல்லை மிஸ். நித்திரைதான் குறைவு."

"எழுதினது அப்படி இல்லியே." தாளை எடுத்துக் கொடுத்தார்.

மனைவி வாசித்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். மேலிருந்து கீழே ஒரு தரம் போய், மறுபடியும் மேலே வந்து மெதுவாக வாசித்தாள். நான் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொன்னாலும் பரவாயில்லை போலவும் இருந்தது.

"அண்டைக்குச் சரியான காய்ச்சல் மிஸ்" என்றாள். "என்ன சொன்னன் எண்டே எனக்கு ஞாபகம் இல்லை."

மிட்வைஃப் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நம்பினாரா தெரியாது. "அடுத்த செவ்வாய் ரெண்டு பேரும் வாங்க. ரெண்டு பேரும்" என்றார். தாளை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"எப்ப துவக்கம் இப்பிடி?" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலயிருந்து."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ என்ன நினைப்பியோ எண்டு."

"நான் வேற மாதிரி நினைச்சுக்கொண்டிருந்தன். பொம்பிளைப் பிள்ளை எண்டபடியால் உங்களுக்கு விருப்பமில்லை எண்டு." குரல் உயரவில்லை. "ரெண்டு மாசமா அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

அது என் தலைக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. இல்லை என்று சொன்னேன். அது மட்டும் வேகமாக வாயில் வந்தது. அவள் தாளை மறுபடியும் பார்த்தாள்.

"ஏழாவதுக்கு ஏன் ஒண்டும் எழுதேல்லை?"

பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பது அந்தக் கேள்வி.

"தெரியாததை எப்பிடி எழுதுறது?" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். வண்டி பக்கத்தில்தான் நின்றது. அதைக் காலால் சுவர்ப்பக்கம் நகர்த்திவிட்டு, பிள்ளையை என் நெஞ்சோடு சாய்த்து, என் வலக்கையை எடுத்துத் தலைக்கடியில் வைத்து, இடக்கையைக் கீழே கொடுத்தாள். தன் கைகளை எடுத்தாள். பிள்ளை நினைத்ததைவிடச் சூடாக இருந்தாள். பால் புளித்த வாசனை. வேறு ஒன்றும் வரவில்லை. அதையும் சொன்னேன்.

"வராட்டிப் பரவாயில்லை. வைச்சிருங்கோ."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"கை நோகுமட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அலுவலகச் சப்பாத்தோடேயே நடு ஹோலில் நின்றேன். பிள்ளை ஒரு தரம் முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் முழங்கை நோகத் தொடங்கியது. நான் மனைவியைக் கூப்பிடவில்லை.