ஜெயந்தா மச்சாள் செபிக்காத தவக்காலம்

என் அண்ணன் குருசுமுத்துவின் மனைவி ஜெயந்தா. எனக்கு மச்சாள். நெடுந்தீவில் எங்கள் கோயிலடியில் யாரைக் கேட்டாலும் மறைக்கல்வி ரீச்சர் என்றுதான் சொல்வார்கள். சம்பளமில்லாத உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். பின்னேரங்களில் செபமாலை சொல்லுவிப்பார். கடல் கொந்தளித்துப் பங்குச் சுவாமி வர முடியாத நாட்களில் கோயிலில் வாசகம், மன்றாட்டு எல்லாம் அவர்தான். யாராவது வருத்தமாகப் படுக்கையில் கிடந்தால் கூப்பிடாமலே அந்த வீட்டுக்குப் போய் நிற்பார். கூப்பிடாமல் போகிற குணம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அவர் போகாவிட்டால் சனம் அவரைத்தான் தேடும்.

அவர் இதில் நிலைத்து நின்றது தியானத்தின் பலன் என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் றோசம்மாவின் பலன் என்பேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் தீவுப்பகுதி மறையாசிரியைகள் நாரந்தனையில் ஒரு கன்னியர் மடத்தில் கூடி மூன்று நாள் மௌனத் தியானம் இருப்பார்கள். மச்சாள் விடியவே படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேருவார். றோசம்மா அந்த ஊர்க்காரி, மச்சாளைவிட மூத்தவர். முதல் வருடம் தற்செயலாகப் பக்கத்தில் இருந்தார்கள். பிறகு வருடா வருடம் அதே வாங்கில்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். வேதாகமத்துச் சங்கீதங்களைச் சேர்ந்து சத்தமாகச் சொல்லலாம், மற்றபடி பேச்சுக் கூடாது என்பது அங்கே சட்டம். இருபது வருடச் சிநேகிதத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் கூட்டினாலும், ஒரு கலியாணவீட்டில் நான் பேசுவதற்குக் காணாது. இதுவும் ஒரு சிநேகிதமா என்று பகிடி பண்ணுவேன். மச்சாள் சிரித்துவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்.

போன வருடம் கார்த்திகையில் அண்ணன் கடல் தொழிலுக்குப் போனார். வெறும் வள்ளம் கரையொதுங்கியது. அண்ணன் வரவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே கூடப்பிறப்பு அவர்.

மச்சாள் சத்தமில்லாமல் அழுதார். அண்ணனுக்காகப் பூசை கொடுத்தார். அடுத்த மாதமே பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றார். ரீச்சரின் விசுவாசத்தைப் பார் என்று ஊர் மெச்சியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையில் அவரது வாய் மட்டும்தான் செபித்துக்கொண்டிருந்தது. இந்தத் தவக்காலத் தியானத்தின் முடிவில் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சுவாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் அவர் படகேறியிருக்கிறார். இதெல்லாம் அவர் பிறகு எனக்குச் சொன்னது.

தியானத்தில் அவர் வாயைக்கூட அசைக்கவில்லை. சங்கீதம் சொல்லும்போதும் சும்மா இருந்தார். தியானம் நடத்திய சுவாமி, மௌனத்தின் ஆழத்துக்கே போய்விட்ட ஒரு சகோதரி நம் நடுவில் இருக்கிறார் என்று பிரசங்கத்தில் புகழ்ந்தாராம். மௌனத் தியானத்தில் ஒருத்தி செபிக்காமல் இருந்தால் யாருக்குத்தான் தெரியும்?

றோசம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சமையல் முறை அவர்கள் இருவருக்கும். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த றோசம்மா, அத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறி, உமக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

"செபிக்க ஏலாமக் கிடக்கு அக்கா," என்றார் மச்சாள். "அவரைக் கடல் கொண்டுபோன நாளிலயிருந்து ஒரு சொல்லும் உள்ளுக்குப் போகுதில்லை. பிள்ளையளுக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல என்னால ஏலாது. நான் விடப்போறன்."

றோசம்மா ஆறுதல் சொல்லவில்லை. திருவலையை விட்டு எழும்பவும் இல்லை.

"என்ர மகள் செத்தாப் பிறகு நானும் செபிக்கேல்லை," என்றார். "ஐஞ்சு வரியம். வாய் மட்டும் அசைஞ்சது. ஆருக்கும் தெரியாது."

மச்சாள் திகைத்துப் போனார். அந்த ஐந்து வருடமும், பக்கத்தில் தலை குனிந்திருந்த றோசம்மாவைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் செபத்தை அவர் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார். அப்படியென்றால் ஏன் தியானத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"நீர் சங்கீதம் சொல்லுறதைக் கேக்க வந்தனான். ஆனா ஒளிச்சுக்கொண்டு இருந்தனான், அதுதான் பிழை. நீர் ஒளிக்காதையும்."

மச்சாள் விடப்போவதாகச் சொல்லச் சுவாமியைப் போய்ப் பார்க்கவில்லை. ஊர் திரும்பிய அன்று பின்னேரம் வழமைபோலச் செபமாலைக்கு மணி அடித்தது. செபமாலையில் ஒருவர் முதற் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் முதற் பாதி எப்போதும் மச்சாளுடையது. நாங்கள் பதில் சொல்லியே பழகியவர்கள்.

அவர் முன்னால் முழங்காலில் நின்றார். பிறகு எழும்பி எங்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்குச் செபிக்க ஏலாமக் கிடக்கு," என்றார். "கன நாளா உங்களுக்கு ஒளிச்சுப்போட்டன். இண்டைக்கு நீங்கள் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

சொல்லிவிட்டுக் கடைசி வாங்கில் போய் இருந்தார்.

முதற் பாதி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதைத் தொடங்க ஒருவருக்கும் துணிவில்லை. முன்வரிசையில் இருந்த பஸ்ரியாம்பிள்ளை அண்ணை செருமினார், அதோடு சரி. திரும்பிப் பார்த்தேன். மச்சாள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

அண்ணன் போனதிலிருந்து எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஊர்வாய்க்குப் பயந்துதான் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தேன். எழும்பிப் போய் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தேன். "மச்சாள், எனக்கும் ஏலாதுதான்," என்று அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். பிறகு முதற் பாதியைத் தொடங்கினேன். கோயில் மறுபாதியைச் சொன்னது.

மச்சாள் இன்னும் செபிக்கத் தொடங்கவில்லை. ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறார். பின்னேரங்களில் நான் சொல்கிறேன், அவர் பக்கத்தில் இருந்து கேட்கிறார்.